இம்பெல்லரின் ஆறாவது இதழ்

பேருவளைக்குத் தெற்கே, கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தில், நண்பகலுக்குச் சற்று முன்னர் எங்கள் படகின் இஞ்சின் சூடேறி எச்சரிக்கை மணி அடித்தது. மிரிஸ்ஸவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். முதல் நாள் இரவை ஹிக்கடுவையில் கழித்திருந்தோம். அன்று பேருவளையில் நங்கூரமிட்டு, அங்கிருந்து எஞ்சியிருந்த சுமார் 30 கடல் மைலை ஒரே ஓட்டத்தில் கடந்து கொழும்புக்குப் போய்விடுவது என்பது திட்டம். இரண்டு வாரப் பயணத்தில் பாயையும் கயிற்றையும் பற்றித்தான் கவலைப்பட்டோமே தவிர, இஞ்சினைப் பற்றி யாரும் பேசவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

படகு 29 அடி நீளமான கண்ணாடியிழைப் படகு. ஒற்றைப் பாய்மரம், இரண்டு சிலிண்டர் டீசல் இஞ்சின். நண்பர்கள் நால்வருக்கும் பொதுவானது. வெள்ளவத்தையில் இருக்கும் நான், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் படிப்பிக்கும் இளைய ஆசிரியர், மருதானையில் தையற்கடை வைத்திருக்கும், நாங்கள் 'நானா' என்று அழைக்கும் நண்பர். கொழும்பில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் தென்மேற்குக் காற்றான சோழகம் அடங்கி, வடகிழக்குக் காற்றான வாடை வீசத் தொடங்கியபின் தெற்கு, மேற்குக் கரைகளின் கடல் ஏரியைப் போல அமைதியடையும். மே முதல் செப்டெம்பர் வரை கட்டிப்போட்டிருக்கும் படகை அவிழ்ப்பதற்கு எங்களுக்கு வாய்க்கும் காலம் அதுதான். இந்தக் கட்டிப்போடும் ஐந்து மாதமும் இந்தக் கதையில் ஒரு பங்கு வகிக்கிறது.

இஞ்சின் சூடேறியதும் செய்யவேண்டியது அதை உடனே நிறுத்துவதுதான். நிறுத்திவிட்டுப் படகின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். இவ்வகை இஞ்சின்களில் கடல்நீர் ஒரு பம்ப் மூலம் உள்ளே இழுக்கப்பட்டு, வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, இஞ்சினுக்குள் சுற்றிவரும் நன்னீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயில் கலந்து புகையுடன் சேர்ந்து வெளியே துப்பப்படும். ஆகவே புகைக்குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறதா என்பதுதான் இஞ்சினின் நாடித்துடிப்பு. நிறுத்துவதற்கு முந்திய ஒரு நிமிடத்தில் அங்கே வெறும் வெண்புகை மாத்திரம் வந்ததை ஆசிரியர் கண்டிருக்கிறார். அதற்கும் முதல் நாளே அவர், "அண்ணை, சத்தம் காய்ஞ்சு கிடக்குது" என்று சொன்னார். தண்ணீர் கலந்து வரும் புகையின் சத்தம் களகளவென்று ஈரமாக இருக்கும், தண்ணீர் குறையும்போது அது வறண்டு அதிரும். காது உள்ளவர் சொன்னதை நான் காற்றின் திசையால் வரும் வித்தியாசம் என்று ஒதுக்கிவிட்டேன்.

காலைக் கரைக்காற்று நின்று, பிற்பகல் கடற்காற்று இன்னும் தொடங்காத அந்த இடைவேளையில் கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. படகு நின்ற இடத்திலேயே மெல்ல வடக்கே நகர்ந்தது. வாடைக்காலத்தில் இந்தக் கரையோரம் நீரோட்டம் வடக்கு நோக்கியே இழுக்கும், வீட்டுக்குப் போகிறவனுக்கு அது ஒரு சிறிய தயவு. அந்த நேரத்தைப் பயன்படுத்திச் சோதனையைத் தொடங்கினேன்.

வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் முறை. முதலில் படகின் அடியில் உள்ள கடல்நீர் வால்வு. ஹோஸைக் கழற்றி வால்வைச் சற்றுத் திறந்தபோது தண்ணீர் பீறிட்டது, ஆகவே அடைப்பு அங்கே இல்லை. அடுத்தது வடிகட்டி. அதன் மூடியைத் திருகித் திறந்து உள்ளிருக்கும் கம்பிவலைக் கூடையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு சிறிய இறால் ஓடுகளும் கொஞ்சம் பாசியும் தவிர வேறொன்றும் இல்லை. கூடையைக் கழுவித் திரும்ப வைத்தேன். இந்த ஒரு வரியை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், ஏனெனில் நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, பம்ப். உள்ளங்கையில் அடங்கும் வெண்கல வட்டப் பெட்டி அது, முகப்பில் ஆறு சிறிய பித்தளைத் திருகாணிகளால் பிடிக்கப்பட்ட மூடி. சூடான இஞ்சினுக்கும் சுவருக்கும் இடையில் தலையைச் செருகி, கண்ணாடித் துண்டு ஒன்றில் பிம்பம் பார்த்துத் திருப்புளியை வைக்கவேண்டியிருந்தது. ஐந்து கழன்றன. ஆறாவதின் தலை வழுக்கி மொட்டையானது. குறட்டால் அதன் விளிம்பைக் கடித்து, அரைக்காற் சுற்றாகத் திருப்பி எடுப்பதற்குள் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. மூடி விலகியதும் உள்ளே தெரிந்தது, கடித்துத் துப்பிய பூவைப் போன்ற ஒன்று.

இம்பெல்லர் என்பது நடுவில் உலோகக் குழலும் அதைச் சுற்றி ஆறு றப்பர் இதழ்களும் கொண்ட சக்கரம். பம்ப் பெட்டியின் உட்சுவரில் ஒரு பக்கம் சற்றுப் புடைத்திருக்கும். சுழலும்போது இதழ்கள் அந்தப் புடைப்பில் மடங்கி, அதைக் கடந்ததும் நிமிரும். மடங்கும் இடத்தில் தண்ணீர் பிழியப்பட்டு வெளியேறும், நிமிரும் இடத்தில் உறிஞ்சப்படும். இதழுக்கும் சுவருக்கும் இடையில் உராய்வைத் தணிப்பது அந்தத் தண்ணீரேதான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள் றப்பர் கருகத் தொடங்கிவிடும். எங்கள் சக்கரத்தில் இரண்டு இதழ்கள் முழுதாக இருந்தன. ஒன்றின் பாதி கிழிந்து போயிருந்தது. மூன்று அடியோடு இல்லை.

காரணத்தைத் தேட அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. நான்கு நாட்களுக்கு முன்னர் மிரிஸ்ஸ துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு சொப்பிங் பை படகின் அடித்துளையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வராததை நாங்கள் கவனிக்க இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். அப்போது பம்பின் நுழைவாயில் ஹோஸைக் கழற்றி, றப்பர்த் தோணிக்குக் காற்றடிக்கும் கால்பம்பால் கடலை நோக்கி ஊதிப் பையைத் தள்ளிவிட்டோம். தண்ணீர் மீண்டும் விழுந்தது, எல்லோரும் கைதட்டினோம், நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பை வெறும் சாட்டுத்தான் என்றும் சொல்லலாம். சோழகக் காலம் முழுவதும் ஐந்து மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ்களின் அடியில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்புகள் இருந்திருக்கவேண்டும். படகைக் கட்டிப்போடும்போது இம்பெல்லரைக் கழற்றி வைப்பதும், பயணத்துக்கு முன் புதியதைப் போடுவதும் அரைமணி நேர வேலை. நான் பாய்மரக் கம்பிகளுக்கு மூன்று நாள் செலவழித்தவன்.

மாற்று இம்பெல்லர் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்தபோது எனக்கிருந்த நிம்மதி, அச்சில் பொருத்த முயன்றபோது போய்விட்டது. வெளிவிட்டமும் உயரமும் இதழ் எண்ணிக்கையும் அப்படியே ஒத்திருந்தன, ஆனால் நடுத்துளை எங்கள் அச்சைவிடச் சிறியது. போன வருடம் பழையதன் அளவைக் கண்ணால் ஒப்பிட்டு நானே வாங்கியது. ஒரு தடவையாவது பொருத்திப் பார்க்காத உதிரிப்பாகம் பெட்டிக்குப் பாரம்தான் என்று வங்கி நண்பர் சொன்னார். அவர் கணக்குப் பார்ப்பவர், பொருளைக் கையில் எடுக்காமலே குறை கண்டுபிடிக்கும் பயிற்சி உள்ளவர்.

ஒன்றரை மணியளவில் மேற்கிலிருந்து கடற்காற்று வந்தது. பார்பரின் தீவின் வெளிச்சவீட்டை வலப்புறம் விட்டு வடக்கே ஏறி, கெச்சிமலைப் பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர் பாறைமுனையில் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் பாய்களைக் குறைத்து, இஞ்சின் இல்லாமலே உள்ளே போனோம். அந்த நுழைவைப் பற்றி எழுத ஆசைதான், ஆனால் அது வேறு கதை. முன்பாயின் பின்விளிம்புத் தையல் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறேன். துணி கெடவில்லை, வெயிலில் நூல்தான் உளுத்துப்போயிருந்தது. நானா அன்று மாலையே மெழுகு பூசிய நூலை எடுத்து, பழைய ஊசித் துளைகளையே பின்பற்றி, உள்ளங்கைத் தோலுறையால் ஊசியைத் தள்ளித் தள்ளி அதைத் தைத்தார். புதுத் துளை போட்டால் துணி முத்திரைத்தாள் போலக் கிழியும் என்பது அவர் விளக்கம்.

அன்று தைப்பூசத்துக்கு முதல் நாள். மறுநாள் பௌர்ணமி விடுமுறை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் பொருத்தமான இம்பெல்லர் கிடைத்திருக்கும், ரயிலில் யாராவது கொண்டுவந்தும் கொடுத்திருப்பார்கள். ஆனால் பௌர்ணமி நாளில் கடைகள் திறக்கமாட்டா. அதற்கு அடுத்த நாள் வங்கி நண்பரின் விடுமுறையின் கடைசி நாள். எங்களிடம் இரண்டு டின் மீனும், அரைப் பக்கெட் சீனியும், விளிம்பு காய்ந்த ஒரு றாத்தல் பாணும் எஞ்சியிருந்தன. பயணம் முடியும் தறுவாயில் எல்லோருக்கும் ஒரு விதமான அவசரம் வந்துவிடுகிறது. முதல் வாரத்தில் காற்றில்லாமல் ஆறு மணி நேரம் மிதந்தபோது யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலவு வெளிச்சத்தில் மீன் வலைக்கு வராது என்று பல சிறு படகுகள் ஓய்ந்து கிடக்கும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற படகில் வயதான ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பேருவளைக்காரர், தமிழில்தான் பேச்சு. கழற்றிய இம்பெல்லரை நான் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, உடைஞ்ச துண்டெல்லாம் எண்ணிப் பார்த்தீங்களா? ஒண்டு குறைஞ்சா அது எங்கயோ இருந்து வேலை காட்டும்."

எண்ணவில்லை. உடனே உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். முழு இதழ்கள் மூன்றும், கிழிந்த பாதி ஒன்றும், ஆக நான்கு துண்டுகள் கிடைக்கவேண்டும். பம்பின் உள்ளேயே ஒரு முழு இதழ் கிடந்தது. பம்பிலிருந்து வெப்பமாற்றிக்குப் போகும் ஹோஸின் முழங்கை வளைவில் இன்னொன்று, குறுக்கே நின்று பாதி வழியை மறித்துக்கொண்டிருந்தது. வெப்பமாற்றியின் முனை மூடியைக் கழற்றியபோது, தேன்கூட்டின் வாய்களைப் போல வரிசையாக நின்ற சிறு குழாய்களில் இரண்டை அடைத்தபடி அந்தப் பாதித் துண்டு அப்பிக்கிடந்தது. பல் குத்தும் குச்சியால் அதைக் கிளப்பினேன். நான்காவதைக் காணவில்லை. குழாய் ஒவ்வொன்றிலும் டோர்ச் வெளிச்சத்தை ஒரு முனையிலிருந்து அடித்து மறுமுனையிலிருந்து பார்த்தேன், எல்லாம் திறந்தே இருந்தன. புகைக்குழாய் வழியாக வெளியே போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். அளவில் அது சாத்தியமில்லை, இதழ் அந்தக் குழாய்களைவிடப் பெரியது. மாலை ஆறு மணிக்கு, பசியோடு, சாத்தியமில்லாததும் சாத்தியமாகத்தான் தெரியும்.

இனி இம்பெல்லர் இல்லாமல் கடல்நீரை இஞ்சினுக்குள் அனுப்புவது எப்படி என்பதுதான் கேள்வி. படகின் முன்புறத்தில் நங்கூரச் சங்கிலியின் சேற்றைக் கழுவுவதற்கு ஒரு 12 வோல்ட் மின்பம்ப் வைத்திருக்கிறோம். உட்சவ்வு ஏறி இறங்கி நீரை இழுக்கும் வகை, தானாகவே உறிஞ்சக்கூடியது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து, வடிகட்டிக்கும் வெப்பமாற்றிக்கும் இடையில் வைத்தால் இஞ்சின் பம்பின் வேலையை அது செய்யும். கழற்றுவதற்கு முன், அது இருந்த இடத்திலேயே பத்து லீற்றர் வாளியை நிரப்பி நேரம் பார்த்தோம்: 50 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 12 லீற்றர். முழு வேகத்தில் ஓடும் இஞ்சினுக்கு இது போதாது, ஆனால் மெதுவாக ஓடினால் சமாளிக்கும் என்று கணித்தேன்.

புதிய இடத்தில் பொருத்தியபின், வெப்பமாற்றியில் இணைக்கவேண்டிய ஹோஸின் முனையை வாளிக்குள் விட்டு மறுபடி அளந்தோம். இப்போது அதே வாளி நிரம்ப 78 விநாடி எடுத்தது. நிமிடத்துக்கு எட்டு லீற்றர்கூட இல்லை. வங்கி நண்பர் இரண்டு இலக்கங்களையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு, "நாலு லீற்றர் எங்கே?" என்று கேட்டார். ஹோஸ் நீளம் கூடிவிட்டது, இரண்டு இடத்தில் அளவு மாறும் இணைப்புப் போட்டிருக்கிறோம், பற்றரியும் சற்று இறங்கியிருக்கிறது என்று மூன்று காரணம் சொன்னேன். மூன்றும் தனித்தனியே உண்மை. மூன்றும் சேர்ந்தாலும் நாலு லீற்றர் வராது என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது, ஆனால் அவர் மேலே பேசவில்லை.

இணைப்பு வேலை பௌர்ணமி நாள் முற்பகலில் முடிந்தது. இஞ்சின் பம்பைச் சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன், உள்ளே சக்கரம் இல்லாமல் அச்சு மட்டும் வறண்டு சுழன்றால் அதன் சீலும் கெட்டுப்போகும். மின்பம்பின் கம்பிகளைப் பியூஸ் வழியாகப் பற்றரிக்கு இழுத்து, சுவிட்சைச் சுக்கான் பிடிப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் கட்டினோம். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆசிரியர் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டினார்: "இஞ்சின் ஓடத் தொடங்கியபின் பம்ப். இஞ்சின் நிற்பதோடு பம்பும் நிற்கவேண்டும்." இது வெறும் ஒழுங்குக்காக எழுதியதல்ல. இஞ்சின் ஓடும்போது புகையின் அழுத்தம்தான் தண்ணீரைச் சைலன்சரிலிருந்து வெளியே தள்ளுகிறது. இஞ்சின் நின்றபின்னும் மின்பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்னோக்கி ஏறி, திறந்திருக்கும் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அதன்பிறகு பழுதுபார்க்க இம்பெல்லர் போதாது, இஞ்சினையே பிரிக்கவேண்டும். வழமையான பம்ப் இஞ்சினோடு சேர்ந்து நின்றுவிடுவதால் இந்த ஆபத்தை நாம் நினைப்பதே இல்லை.

துறைமுகத்துக்குள்ளேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். புகைக்குழாயில் தண்ணீர் விழுந்தது. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சூடு 82 பாகையில் நின்றது. 1,800க்கு ஏற்றியதும் 88, 90 என்று ஊர்ந்தது. மறுபடி 1,500க்கு இறக்கினால் இறங்கியது. அந்த வேகத்தில் படகு மணிக்கு மூன்றரைக் கடல் மைல் போகும். மின்பம்பின் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, இருபது நிமிடத்தில் கை வைக்கமுடியாத சூடு ஏறியது. ஆகவே பாயில் ஓடுவது, துறைமுகத்தை நெருங்கும்போது மட்டும் இருபது நிமிடம் ஓட்டிப் பத்து நிமிடம் ஆறவிடுவது என்று ஏற்பாடு.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். நிலவு மேற்கே சாய்ந்திருந்தது, கரைக்காற்று வலப்பக்கத்திலிருந்து தென்னந்தோப்பின் புகைவாசனையோடு வந்தது. முன்பாயில் நானாவின் தையல் வெண்கோடாகத் தெரிந்தது. வெளிச்சம் வரும்போது களுத்துறை விகாரையின் வெண்ணிறத் தூபி பின்னால் போயிருந்தது. பாணந்துறைக்கு நேரே வரும்போது முதல் ரயில் கரையோரமாகக் கொழும்பை நோக்கி எங்களைக் கடந்து போனது. கல்கிசையைத் தாண்டும் முன்பே தாமரைக் கோபுரம் புகைமூட்டத்துக்கு மேலே நின்றது. 350 மீற்றர் உயரமான ஒன்றை மறைப்பது கடினம். வெள்ளவத்தை மாடிவீடுகளில் என்னுடையதைத் தேடினேன், மனைவி பல்கனியில் ஒரு சிவப்புப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த வரிசையில் அன்று சிவப்பு விரிப்புகள் நான்கு தொங்கின.

பதினொரு மணியளவில் துறைமுக நகரத்துக்கு அப்பால் காற்று நின்றது. முன்னால் கொழும்புத் துறைமுகத்தின் வாய். கொள்கலன் கப்பல்களும் வழிகாட்டிப் படகுகளும் போய்வரும் அந்த வழியைக் காற்றில்லாத பாயோடு கடக்கமுடியாது. வானொலியில் அறிவித்துவிட்டு, வெளிப்புறமாக நன்றாக ஒதுங்கி, இஞ்சினை இயக்கினோம். இஞ்சின், பிறகு பம்ப். இருபது நிமிடம் நன்றாகப் போனது. பம்பின் மேல் நானா ஈரத்துணியைச் சுற்றி, காய்ச்சல்காரனின் நெற்றியைப் போல அதை மாற்றி மாற்றி நனைத்துக்கொண்டிருந்தார். ஆனால் களனி கங்கை கடலில் கலக்கும் இடத்தை நெருங்கியதும் நீர் பழுப்பாகியது, ஆற்றுவாழைக் கொத்துகளும் குப்பையும் மிதந்து வந்தன. சூடு 86, 89, 91. சுற்றை 1,200க்குக் குறைத்தேன், 91லேயே நின்றது. "மச்சான், தண்ணி மெலியுது" என்று நானா பின்புறத்திலிருந்து கூவினார்.

வடிகட்டியில் இலை அடைத்திருக்கும் என்று நினைத்து, இஞ்சினை நிறுத்தி, பம்பை நிறுத்தி, வால்வை மூடி, மூடியைத் திறந்தேன். கூடையில் ஒரு கைப்பிடி வேர்நார் இருந்தது. எடுத்துவிட்டு மூடினேன். மறுபடி இயக்கியதும் முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் தாராளமாக விழுந்தது, பின்னர் முன்போலவே மெலிந்தது. நிறுத்தினால் சரியாகிறது, ஓடினால் கெடுகிறது. இலைதான் அடைப்பு என்றால் நிறுத்துவதால் ஏன் சரியாகவேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் நிறுத்தி, ஆற்றுவாய்க்கு வடக்கே உள்ள திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்தின் அலைதாங்கிக்குள் பிற்பகல் இரண்டு மணிக்கு நுழைந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் முடியவேண்டிய தூரம் மூன்று மணி நேரம் எடுத்தது.

மூன்று நாள் கழித்து, பஞ்சிகாவத்தையில் வாங்கிய புதிய இம்பெல்லரோடு படகுக்குப் போனேன். இம்முறை பழைய சக்கரத்தையும் சரியான அச்சின் அளவையும் கொண்டுபோய், கடையிலேயே அளவுகோல் வைத்து அளந்து வாங்கினேன். வேலையைத் தொடங்குமுன் அந்த நாலு லீற்றர்க் கணக்கு நினைவுக்கு வந்தது. வடிகட்டியை இம்முறை கூடையைத் தூக்கிப் பார்ப்பதோடு விடாமல், அதன் கிண்ணம் முழுவதையும் தாங்கியிலிருந்து கழற்றி வெளியே எடுத்தேன்.

இவ்வகை வடிகட்டியில் கடல்நீர் கூடையின் உள்ளே வந்து, வலையைக் கடந்து, கூடைக்கும் கிண்ணச் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் நிரம்பி, மேலே உள்ள வெளிவாயால் பம்புக்குப் போகும். கிண்ணத்தின் அடியில், கூடை உட்காரும் விளிம்புக்கு வெளியே, கறுத்த சேற்றுக்குள் கறுத்த றப்பர் இதழ் ஒன்று படுத்திருந்தது. நான்காவது துண்டு அதுதான், சக்கரத்தின் ஆறாவது இதழ். மிரிஸ்ஸவில் பம்ப் வறண்டு ஓடியபோது முதலில் உடைந்தது அதுவாக இருக்கவேண்டும். இஞ்சினை நிறுத்தியதும் அது பம்பின் நுழைவாயில் வழியே கீழே ஹோஸுக்குள் விழுந்திருக்கிறது, பையைத் தள்ளுவதற்காக நாங்களே கால்பம்பால் ஊதி அதை வடிகட்டிவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். வலையைத் தாண்டமுடியாமல் அந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டது. பம்ப் இழுக்கும்போது மிதந்தெழுந்து வெளிவாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் அடிக்கு விழுந்துவிடும். நான் மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அது கீழே, கூடைக்கு வெளியே, என் கண்ணுக்கு எட்டாமல் கிடந்திருக்கிறது. பம்புக்கு அப்பால் துண்டு துண்டாகத் தேடியவன் பம்புக்கு முன்னால் தேடவில்லை.

மிகுதி வேலை சுருக்கமானது. பம்பின் உட்சுவரை நகத்தால் தடவிப் பார்த்தேன், புடைப்பில் இரண்டு மெல்லிய கீறல் தவிரச் சேதமில்லை. புதிய சக்கரத்தின் இதழ்களைச் சுற்றி ஒரு சணல் நூலைச் சுழற்றி இறுக்கி, எல்லா இதழும் இஞ்சின் சுழலும் திசைக்கு எதிராகச் சாயும்படி மடக்கி, கிளிசரின் தடவி அச்சில் தள்ளினேன். சக்கரம் உள்ளே போகப்போக நூல் தானாகப் பின்னுக்கு நழுவி வந்தது. மூடிக்குக் கடதாசி கஸ்கற் வெட்டி, மொட்டையான பித்தளைத் திருகாணிக்குப் பதிலாகப் புதியது போட்டேன். பெல்ட்டை மாட்டி, பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்றிமீற்றர் இறங்கும் அளவுக்கு இறுக்கினேன்.

பிறகு சங்கிலி கழுவும் மின்பம்பை அதன் பழைய இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன், வங்கி நண்பருக்குத் தொலைபேசி எடுத்து வரச்சொன்னேன். அலுவலகம் முடிந்து கழுத்துப்பட்டியோடு வந்தார். கிண்ணத்தைக் கழுவிப் பூட்டிய வடிகட்டியோடு மின்பம்பை முன்போலவே இணைத்து, அதே வாளியை வைத்து, அவருடைய கைக்கடிகாரத்திலேயே நேரம் பார்த்தோம். 54 விநாடி. அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்து, 78க்குப் பக்கத்தில் அதை எழுதி, கறுத்த இதழைக் கடதாசியில் சுற்றி அந்தப் பக்கத்திலேயே ஒட்டினார்.